கேமராவுக்கு வைத்த பொட்டு

உங்கள் தெருவில் சிசிடிவி கேமரா இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே ஒரு ஏணியைப் போட்டு ஏறி, அதன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால்... இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

போன மாதம், ராஜபாளையத்தில் எங்கள் தெருவில், பட்டப்பகலில் ஸ்டெல்லா டீச்சரின் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பைக்கில் இரண்டு பேர், ஹெல்மெட் போட்டிருந்தார்களாம். டீச்சர் கீழே விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. செயின் அறுத்த வேகத்தில் கழுத்தைச் சுற்றி நீளமாகக் காயம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கதவைச் சாத்திப் படுத்திருக்கும் நேரம். நான் படுக்கவில்லை. மேலே ஃபேனைச் சுழலவிட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்து உறவுகள் எவ்வளவு முக்கியம் என்று இதே பத்திக்காக உருகி உருகி எழுதிக்கொண்டிருந்தேன். உங்களில் சிலர் அதைப் படித்துவிட்டுப் பாராட்டிக்கூட எழுதியிருந்தீர்கள். நன்றி. அந்தக் கட்டுரையில் நான் மூன்றாவது பாராவில் இருந்தபோது, எங்கள் வாசலில் இருந்து நாலு வீடு தள்ளி டீச்சர் ரத்தத்தோடு தரையில் கிடந்திருக்கிறார்.

விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? சென்னையில் இருக்கும் மகள் போன் செய்தாள். "நம்ம தெருவுல என்னமோ நடந்திருக்காமே, தெரு வாட்ஸ்அப் குரூப்புல ஓடுதே, நீ பாக்கலையா?" என்றாள். பதறிப்போய் கதவைத் திறந்து பார்த்தால் தெரு காலியாகக் கிடக்கிறது. டீச்சரை யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று குரூப்பில் போட்டிருந்தார்கள். யார் ஏற்றியது? ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டுப் போட்டதும் டீச்சரின் அக்கா வந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். டீச்சர் தனியாக இருப்பவர், வேறென்ன செய்வது?

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்... ராஜபாளையத்தில் இருந்துகொண்டு நாய் வளர்க்கவில்லையா என்று. எங்கள் ஊர் நாய்க்கு உலகப் பெயர் உண்டு, மறுக்கவில்லை. எங்கள் தெருவில் இருப்பது பிஸ்கட் போட்டால் திருடனுக்கே வழி காட்டும் ரகம்.

ஆனால் நாங்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆவணி மாதம் பக்கத்துத் தெருவில் குடித்துவிட்டு இரண்டு பேர் மல்லுக்கட்டி, ஒருவருக்கு மண்டை உடைந்தது. அதைத் தடுக்கப்போனவருக்குக் கையில் கத்திக் கீறல். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குத் தூக்கம் போயிற்று. உடனே குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தோம். செயலாளர் பரமசிவம் சார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தெருவின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என இரண்டு கேமரா வைத்தோம்.

கேமரா வந்து இறங்கியதும் ஆயுத பூஜையும் சேர்ந்துகொண்டது. கேட்க வேண்டுமா? மாலை போட்டோம், சுற்றிப்போட்டுப் பூசணிக்காய் உடைத்தோம், பொரிகடலை கொடுத்தோம். டீச்சர் கிறிஸ்தவர்தான், இருந்தாலும் வந்து நின்று ஒரு கைப்பிடி பொரி வாங்கிக்கொண்டு போனார். பரமசிவம் சார் ஏணியில் ஏறி இரண்டு கேமராவுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தார். நான் கீழே நின்று போட்டோ எடுத்தேன்.

செயின் பறிப்பு நடந்த மறுநாள் சாயங்காலம், நாங்கள் நாலைந்து பேர் பரமசிவம் சார் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். பாஸ்வேர்டு பெங்களூரில் இருக்கும் அவர் மகனுக்குத்தான் தெரியும் என்பதால் ஒருநாள் தாமதம். டீச்சர் வீட்டுப் பக்கம் பார்க்கும் கேமராவை முதலில் போட்டார். திரை முழுக்க மஞ்சள். நடுவில் வட்டமாகச் சிவப்பு. வேறொன்றும் இல்லை.

"சூரியன் எறங்குற நேரமா இருக்குமோ?" என்றார் ஒருவர். மத்தியானத்தில் எங்கே சூரியன் இறங்குவது? பரமசிவம் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. கேமரா மாட்டிய பையனுக்குப் போன் போட்டு, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாயே என்று ஏறு ஏறென்று ஏறினார். அவன் அடித்துப் பிடித்து வந்தான். ஏணி போட்டு ஏறினான். கேமராவின் லென்ஸை நகத்தால் சுரண்டி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தான். "சார், சந்தனம்" என்றான்.

சந்தனமும் குங்குமமும். வெயிலில் காய்ந்து ஓடுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜையில் இருந்து அந்தக் கேமரா ஒன்றையுமே பார்க்கவில்லை. பரமசிவம் சாரின் மனைவி சரோஜா அக்கா மட்டும், "பிள்ளையாருக்குக் கண்ணுலயா பொட்டு வைப்பாக? நெத்தியிலதான வைக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

அடுத்த முனையில் இருந்த கேமராவைப் போட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அதற்குப் பொட்டு நெற்றியிலேயே விழுந்திருந்தது போல, படம் தெளிவாக இருந்தது. பைக் ஒன்று விர்ரென்று வெளியேறுகிறது. செத்த நேரம் கழித்து ஓர் ஆள் தெருவை விட்டு மெயின் ரோட்டைப் பார்த்து ஓடுகிறான். கையில் டீச்சரின் பச்சை ரெக்ஸின் பை. அந்தப் பை தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஸ்கூலுக்கும் அதுதான், சர்ச்சுக்கும் அதுதான், கத்தரிக்காய் வாங்கவும் அதுதான். ஓடியவனையும் எல்லோருக்கும் தெரியும். பிகாஷ்... என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன்.

ஒடிசாக்காரன். இங்கே நூல் மில்லில் வேலை. மனைவி மினதி. டிவி சீரியல் பார்த்தே அவனைவிட நன்றாகத் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவள். இப்போது மாசமாக இருக்கிறாள், எட்டு முடியப் போகிறது. இங்கே அரசு ஆஸ்பத்திரியில்தான் பதிந்து காட்டி வருகிறார்கள்.

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. செயின் பறிப்பு நடந்த அன்று ராத்திரி மினதி ரத்தக்கறை பட்ட சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாளாம். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா தன் மாடியில் இருந்து பார்த்திருக்கிறார். "ஏமி காலமம்மா இது" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பைக்கில் வந்தவர்களுக்கு டீச்சர் வரும் நேரத்தைச் சொன்னதே இவனாகத்தான் இருக்கும், செயின் அவர்களுக்கு, பை இவனுக்கு என்று ஒருவர் முடித்தே விட்டார். சினிமாக்காரர்கள் தோற்றார்கள் போங்கள்.

அந்த ராத்திரியே நான் மாடிக்குப் போய் நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத்தான் தெரியுமே. பிகாஷ் முதலில் புரியாமல் விழித்தான். புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"அக்கா, டீச்சர் கீழ விழுந்தாங்க. பை கீழ. நான் எடுத்தேன். டீச்சர் ஆட்டோ, ஆட்டோ சொன்னாங்க. நான் ஓடினேன். ஆட்டோ வந்துச்சு, டீச்சர் போனாங்க. நான் டூட்டி போனேன்." அவ்வளவுதான் அவனிடம் இருந்த தமிழ்.

நான் நம்பினேன். அப்படியே சங்கத்தில் போய்ச் சொன்னேன். "அவன் அப்டித்தானம்மா சொல்லுவான்" என்றார்கள். இவன் ஆட்டோ கூட்டி வந்திருந்தால் அந்தக் கேமராவில் தெரிந்திருக்க வேண்டுமே, ஓடினவன் திரும்பி வந்த மாதிரியே தெரியவில்லையே என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் வேறு, "உனக்கு எழுதறதுக்கு ஒண்ணு கெடச்சிருச்சு" என்று நேரம் காலம் தெரியாமல் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போலீசுக்குத்தான் சொல்லியாயிற்றே, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டுமே என்றேன். போலீஸ் திருடனைப் பிடிக்கும்போது பிடிக்கட்டும், அதுவரைக்கும் நாம் பாதுகாப்பாக இருக்க வேண்டாமா என்றார்கள். கடைசியில் முடிவு வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதற்குள் மாடி வீட்டை நான் காலி செய்யவைத்துவிட வேண்டும்.

பரமசிவம் சார் கெட்டவர் இல்லை. அன்று வாசல் வரை வந்து என்னிடம் தனியாகச் சொன்னார். "எனக்கு அந்தப் பய மேல ஒரு கோவமும் இல்லம்மா. எம்பேத்தி கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸுல வந்து எறங்கி, இருட்டுற நேரத்துல இந்தத் தெருவுலதான் நடந்து வாரா. அவ வீட்டுக்குள்ள கால் வைக்க வரைக்கும் எனக்கு உயிரு எங்கிட்ட இல்ல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

என்ன சொல்வது? பேத்தியை நினைத்துப் பயப்படுகிறவரிடம் கோபப்பட முடியுமா? ஆனால் மாடியில் ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு படியேறி இறங்குகிறாள். இந்தப் பேரோடு வெளியே போனால் ஊரில் எவன் வீடு கொடுப்பான்? பிரசவத்தை எந்த ஊரில் போய் வைத்துக்கொள்வாள்?

இதற்கு ஒரே வழி டீச்சரைக் கேட்பதுதான். விழுந்தவர் அவர், பார்த்தவர் அவர். இது ஒரு பெரிய கண்டுபிடிப்பா? சின்னப்பிள்ளைக்கும் தோன்றும். ஆனால் இங்கேதான் நம் ஆட்களின் ஒரு வழக்கம் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

அடிபட்டவர்களைப் பார்க்கப் போனால் நடந்ததைப் பற்றிப் பேசக் கூடாது. பாவம், ஞாபகப்படுத்தினால் மறுபடி அதிர்ச்சியாகிவிடும். அவர்களே வாயைத் திறந்தாலும் அடக்கிவிட வேண்டும். "பேசாதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு, நாம் பேச வேண்டும். என்ன பேசுவோம்? நம் வீட்டில் யார் யாருக்கு எப்போது எந்த எலும்பு உடைந்தது, எந்த வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டினார், அது கூடியதா கூடவில்லையா... இதையெல்லாம்.

எங்கள் தெருவில் இருந்து பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். எல்லோரும் இந்த வழக்கத்தை மீறாமல் நடந்துகொண்டார்கள். நானும் மறுநாள் காலையிலேயே, கேமரா பார்ப்பதற்கு முன்பே போய், என் வீட்டுக்காரர் அய்யனார் கோவில் ஆற்றுப் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அத இப்ப நெனைக்காதீங்க டீச்சர்" என்று நானே கையைப் பிடித்து அமுக்கினேன்.

நலம் விசாரிக்கப் போனோம் என்கிறோம். ஒருவராவது விசாரித்தோமா?

போன் செய்து பார்த்தேன். டீச்சரின் போன் விழுந்ததில் உடைந்துபோயிருந்தது. அவர் அக்கா போனை எடுத்து, மாத்திரை போட்டுத் தூங்குகிறாள், பொறவு பேசுங்கள் என்றார். இரண்டு தடவையும் அதேதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மினதி கீழே வந்தாள். யார் சொன்னார்களோ, விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. "அக்கா, ஞாயித்துக்கெழம போகணுமா?" என்று கேட்டாள். அழவில்லை. டிபன் கடையில் பார்சல் ஆகுமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

மறுநாள் காலையில் பரமசிவம் சார் வீட்டு வாசலில் போய் நின்றேன். டீச்சரைப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வர வேண்டும் என்றேன். அவர் நெளிந்தார். முடியாதவளைப் போய்த் தொந்தரவு செய்வது தர்மமா என்றார். வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தெருவில் நிறுத்துவது மட்டும் தர்மமா என்று நான் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டார். ஆனால் பஸ் ஏறும்போது ஒரு நிபந்தனை போட்டார்.

"வாரேன். ஆனா அந்த விஷயத்த மட்டும் நீங்களா எடுக்கக் கூடாது. டீச்சரே சொன்னா கேட்டுக்கிடுவோம்."

சரி என்றேன். சொன்னால்தானே கேட்பதற்கு? நாம்தான் சொல்லவே விடமாட்டோமே.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் தூரமில்லை, உட்கார்ந்து கண்ணை மூடினால் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டார். பால்கோவா ஊருக்குப் பால்கோவாவா வாங்கிக்கொண்டு போக முடியும்?

டீச்சர் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கை மாவுக்கட்டில். கழுத்துக் காயம் காய்ந்து கறுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பரமசிவம் சார், பொட்டலத்தை எங்கே வைப்பது என்று பார்த்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் வைத்தார். வைத்துவிட்டு வழக்கப்படி ஆரம்பித்தார். அவர் சித்தப்பா மகனுக்கு மில்லில் கை சிக்கிய கதை. மணிக்கட்டில் மூன்று இடத்தில் முறிந்தும் அவன் இன்றைக்கு வாலிபால் ஆடுகிறானாம்.

டீச்சர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் அந்தக் கதையைக் கேட்கவில்லை. பொட்டலம் வைத்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள் கவர் சாய்ந்து விழப்போனது, பிடிக்கக் கையை நீட்டினேன். அதற்கு அடியில் பச்சை ரெக்ஸின் பை.

நான் கொடுத்த வாக்கெல்லாம் அந்த நிமிஷமே போயிற்று.

"டீச்சர், இது... உங்க பைதான?"

"எம்பைதான். வேற யாரு பை?"

பரமசிவம் சாரின் சித்தப்பா மகன் பாதி ஆட்டத்தில் நின்றுபோனான். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார்.

டீச்சர் அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அத ஏன் கேக்கீய. நான் கீழ கெடந்து ஆட்டோ ஆட்டோன்னு கத்துதேன். ஒங்க மாடி வீட்டுப் பய ஓடியாந்து, செதறிக் கெடந்ததெல்லாம் அள்ளி இந்தப் பையில போட்டான். போட்டவன் பையக் கீழ வைக்கணும்னு தோணாம, அப்டியே தூக்கிட்டு ரோட்டப் பாத்து ஓடுதான். அம்புட்டு வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

"பொறவு?" என்றார் பரமசிவம் சார். குரல் இறங்கியிருந்தது.

"பொறவென்ன? நம்ம தெரு வாசல்லதான் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டுருக்காகளே, ஆளும் பைக்கும் போக ஒரு பலக கெடக்கு, ஆட்டோ எங்க நொழையும்? பின்தெருவச் சுத்திக் கூட்டியாந்தான். தூக்கி உக்கார வச்சு, பைய மடியில வச்சான். அவன் சட்டையெல்லாம் எங்கழுத்து ரத்தம். கூட வாரேன்னுதான் நின்னான். மில்லு வேன் போயிரும், நீ போப்பான்னு நாந்தான் வெரட்டிவிட்டேன். மறுநாளு நம்ம தெரு ஆளுக வந்ததும் மொத வேலையா அவனப் பத்திச் சொல்லணும்னு இருந்தேன்."

தினமும் தாண்டுகிற அந்தப் பள்ளம் எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை, ஆட்டோ சுற்றி வந்து நுழைந்த முனையிலோ சந்தனம் அப்பிய கேமரா. சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் கொஞ்சம் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"வந்தவுக ஒருத்தராவது என்னையப் பேச விட்டியளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பரமசிவம் சார் தண்ணீர் கேட்டார். டீச்சரின் அக்கா செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். முழுச் செம்பையும் குடித்தார். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார். கேமராவில் தெரிந்தது, ரத்தச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை முடிவு... ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு எட்டாம் மாசமில்லா?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அக்கா என்னிடம் தனியாக இன்னொன்று சொன்னார். சரோஜா அக்கா வந்தபோது ஆரஞ்சுப் பழங்களை அந்தப் பைக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனாராம். எத்தனை பேர் வந்தார்கள், எல்லோரும் அந்த நாற்காலிக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள். திருட்டுப்போன பை என்று ஊரில் பேசிக்கொண்டே, இங்கே வந்து அதற்குள் பழம் போட்டிருக்கிறோம். இதை எங்கே போய்ச் சொல்ல?

திரும்பும்போது பஸ்ஸில் பரமசிவம் சார் ஜன்னலைப் பார்த்தே வந்தார். எங்கள் ஊர் வரும் நேரத்தில்தான் வாய் திறந்தார். "நாப்பது வருசம் மில்லுல ஆளுகள வச்சு வேல வாங்குனவன் நான். ஓடுதவன் திருடிட்டு ஓடுதானா, ஒதவிக்கு ஓடுதானான்னு எனக்கே தெரியலயேம்மா" என்றார்.

நேராக என் வீட்டு மாடிக்குத்தான் வந்தார். அவருக்கு மூட்டு வலி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே போனால்... பாத்திரங்களை எல்லாம் ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். கேஸ் அடுப்பைக் கழற்றி அட்டைப் பெட்டியில் இறக்கியாயிற்று. மினதி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் பிகாஷ் எழுந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"எங்க கெளம்புறீய? யாரும் போக வேண்டாம்" என்றார் பரமசிவம் சார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நேத்துவரைக்கும் போகச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பிகாஷைப் பார்த்தார்.

"நாந்தான் சொன்னேன். தப்பு எம்பேர்லதான். டீச்சர் எல்லாஞ் சொல்லிட்டாக. இருங்க தம்பி, ரெண்டு பேரும் இருங்க."

எவ்வளவு புரிந்ததோ, மினதி மெதுவாக அவள் பாஷையில் அவனுக்குச் சொன்னாள். அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பரமசிவம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அட்டைப் பெட்டியில் இருந்து அடுப்பைத் தூக்கி மேடையில் வைத்தார். டியூபை மாட்டினார், சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பொருத்தினார், சோப்பு நுரை தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். பற்றவைத்து, தீ நீலமாக நின்றதும்தான் எழுந்தார்.

"பிள்ளைத்தாச்சிக்கு ஏதாச்சும் சூடா வச்சுக் குடு" என்று என்னிடம் அதட்டலாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கண் கலங்கினால் அவர் அதட்டுவார். சரோஜா அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. மாவுக்கட்டுக் கையோடு டீச்சரும் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அவரே சொன்னார், இந்த முறை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா எழுந்து போய், ஒரு தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்து மினதி கையில் கொடுத்தார். மன்னிப்பு என்று யாரும் வாயால் கேட்கவில்லை. எங்கள் தெருவில் அதெல்லாம் சாப்பாட்டில் வந்துவிடும். மினதிக்கு அதற்கப்புறம் நாலு நாள் அடுப்புப் பற்றவைக்கும் வேலையே இல்லை.

செயினைப் பறித்தவர்கள் இன்னும் கிடைக்கவில்லை. கேமரா இப்போது பளிச்சென்று தெரிகிறது. மத்தியானத்தில் ஆளுக்கொரு நாள் வாசல் கதவைத் திறந்துவைத்து உட்காருவது என்று முடிவு செய்திருக்கிறோம். என் முறை செவ்வாய்க்கிழமை. இந்தப் பத்தியையே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கொசுக்கடி தாங்கவில்லை, இருந்தாலும் பரவாயில்லை.

இங்கே முடித்திருக்கலாம். நல்லபடியாக முடிந்த மாதிரிதானே இருக்கிறது? எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

முந்தாநாள் பிகாஷ் டூட்டி முடிந்து வந்தான். டீ கொடுத்து உட்காரவைத்தேன். பேச்சுவாக்கில் கேட்டேன், "ஏம்ப்பா, இனிமே தெருவுல யாராவது விழுந்து கெடந்தா தூக்குவியா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தான். "தூக்குவேன் அக்கா" என்றான். அப்புறம் தெருமுனையைக் கையால் காட்டிச் சிரித்தான்.

"மொதல்ல கேமரா தெரியுதா பாப்பேன். பொறவு தூக்குவேன்."

நானும் சிரித்துவைத்தேன். அவன் மாடியேறிப் போன பிறகுதான் சுருக்கென்றது.